தூரம் வீசும் தூண்டில் ராடு: பழையதாக வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கரையில் நின்று ஈயக் குண்டைத் தொலைவுக்கு வீசும் ராடுகளைப் பொறுத்தவரை, பழையது என்பது குறை இல்லை. கார்பன் கழி வயதாவதால் மட்டும் வலுவிழந்துவிடாது. ஒழுங்காக வைத்திருந்தால் பத்து வருடம் பழகிய ராடும் முதல் நாள் போலவே வீசும். புதிதாக ஒரு சாதாரண ராடு வாங்கும் பணத்தில், பழையதில் ஒரு படி மேலான ராடே கிடைத்துவிடும். முக்கியமாகக் கெடக்கூடிய இடங்களும் மூன்றே: அடிபட்ட கழி, துண்டுகள் சேரும் தேய்ந்த ஜாயிண்ட், லைன் ஓடும் வளையத்தில் விரிசல். மூன்றையும் கண்ணாலும் விரலாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் புதியவர்கள் ஏமாறுவது உடைந்த ராடு வாங்கி அல்ல. எந்தக் குறையும் இல்லாத, ஆனால் தங்கள் உடம்புக்கு மீறிய விறைப்பான ராடை வாங்கித்தான் ஏமாறுகிறார்கள். தூரப் போட்டிக்காரர் ஒருவர் விற்கிறார், பெரிய பெயர் உள்ள ராடு, பார்க்கப் புதிதாக இருக்கிறது என்று வாங்கிவிடுவார்கள். வீசும்போது கழி வளையவே வளையாது. ராடு வளைந்து, நிமிரும்போது நுனிக்குக் கிடைக்கும் வேகம்தான் ஈயத்தைக் கொண்டுபோகிறது. வளைக்க முடியாத ராடு உங்கள் கையில் வெறும் கம்புதான். அதைவிட ஒரு படி மென்மையான ராடு, அதே ஆள், அதே ஈயம் என்றால் தூரம் கூடும். ஆகவே ராடின் உடல்நலத்தைப் பார்ப்பதற்கு முன், அது உங்களுக்கானதா என்று பாருங்கள்.

ஈயத்தின் எடையை முதலில் முடிவு செய்யுங்கள்

ராடைத் தேடுவதற்கு முன்னால், எத்தனை கிராம் ஈயம் வீசப்போகிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். அலையும் நீரோட்டமும் அடங்கிய கரையில் 90 முதல் 120 கிராம் போதும். நீரோட்டம் இழுக்கும் இடத்தில், மணலில் பிடித்து நிற்கும் கம்பிக்கால் வைத்த 125 முதல் 150 கிராம் ஈயம் தேவைப்படும். இரையின் எடையும் இதோடு சேரும். 120 கிராம் ஈயத்தோடு 40 கிராம் இரை தொங்கினால் ராடு சுமப்பது 160 கிராம்.

அடுத்து, ராடின் மேல் எழுதியிருக்கும் எடையைப் படிக்கத் தெரிய வேண்டும். ஐரோப்பிய ராடுகளில் 100–200 கிராம் என்பது போல இருக்கும். இதில் மேல் எல்லையான 200 கிராமை முழு வேகத்தில் சுழற்றி வீசலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான ராடுகள் எழுதியிருக்கும் வரம்பின் நடுப்பகுதியில்தான் நன்றாக வேலை செய்யும். பிரிட்டிஷ் ராடுகளில் அவுன்ஸ் கணக்கு: 1 அவுன்ஸ் சுமார் 28 கிராம். 4–6 அவுன்ஸ் என்றால் 113 முதல் 170 கிராம். ஜப்பானிய ராடுகளில் 25, 27, 30, 33 என்று வெறும் எண் இருக்கும். அந்த எண்ணை 3.75 ஆல் பெருக்கினால் கிராம் வரும். 25 என்பது சுமார் 94 கிராம், 30 என்பது சுமார் 112 கிராம். ஜப்பானிய ராடு முதன்முறை வாங்குபவர் 25 அல்லது 27இல் தொடங்குவது நல்லது. 33, 35 எல்லாம் பல காலம் வீசிப் பழகிய தோளுக்கானவை.

எழுத்து அழிந்துபோய், என்ன எடைக்கான ராடு என்று விற்பவருக்கும் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அனுபவசாலி வளைத்துப் பார்த்து ஓரளவு சொல்லிவிடுவார். புதியவருக்கு அது வீண் சூதாட்டம்.

நீளம் பற்றி நிறைய வாதம் நடக்கும். முதல் ராடுக்கு 12 முதல் 13 அடி, அதாவது 3.65 முதல் 3.95 மீட்டர் போதுமானது. ராடு நீளமானால் அதே வேகத்தில் சுற்றும்போது நுனி கூடுதலாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் நீளம் கூடக்கூட அதைச் சுற்றுவதே கடினமாகும். 14 அடியைத் தாண்டிய ராடை மெதுவாகச் சுற்றுவதைவிட 12.5 அடியைச் சுள்ளென்று சுற்றினால் ஈயம் தூரம் போகும். உயரமானவர், தோள்வலு உள்ளவர் என்றால் 4.2 மீட்டர் வரை பார்க்கலாம்.

உள்ளுக்குள் மடங்கும் டெலஸ்கோப்பிக் ராடு எடுத்துப்போக வசதி. தூரம்தான் நோக்கம் என்றால் பழைய டெலஸ்கோப்பிக் வேண்டாம். அதில் நான்கைந்து ஜாயிண்டுகள். ஒவ்வொன்றிலும் மணல் புகுந்து தேய்ந்திருக்கும், உள்ளே என்ன நிலை என்று பார்க்கவும் முடியாது. இரண்டு அல்லது மூன்று துண்டாகப் பிரியும் ராடைத் தேடுங்கள்.

உங்கள் ரீலுக்கு ஏற்ற ராடா

ஸ்பூல் (லைன் சுற்றிய உருளை) சுழலாமல் நிற்க, ராடின் அடியில் தொங்குவது ஸ்பின்னிங் ரீல்; ஸ்பூலே சுழன்று லைனை விடுவது, ராடின் மேலே உட்காரும் மல்டிபிளையர் ரீல். இரண்டுக்குமான ராடுகள் வேறு வேறு. பழைய ராடு விற்பனையில் இதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை, வளையங்களைப் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பின்னிங் ரீலில் இருந்து லைன் பெரிய சுருள்களாகக் கிளம்பும். அந்தச் சுருளை அடக்க ரீலுக்குப் பக்கத்தில் உள்ள முதல் வளையம் பெரியதாக, 40 முதல் 50 மில்லிமீட்டர் விட்டத்தில், உயரமான காலோடு இருக்கும். மொத்தத்தில் வளையங்கள் குறைவு. மல்டிபிளையரில் லைன் நேராக வருவதால் முதல் வளையம் 20 முதல் 30 மில்லிமீட்டரே போதும். ஆனால் ரீலும் வளையங்களும் ராடின் மேற்புறத்தில் இருப்பதால், ராடு வளையும்போது லைன் கழியைத் தொடாமல் இருக்க வளையங்கள் நெருக்கமாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் வைக்கப்பட்டிருக்கும்.

மல்டிபிளையர் ராடில் பெரிய ஸ்பின்னிங் ரீலைப் போட்டால், சுருள்கள் முதல் வளையத்தில் மோதித் திணறும். லைன் படபடவென்று கழியில் அடிக்கும் சத்தம் கேட்கும், தூரம் குறையும். சமயத்தில் சுருள் வளையத்தின் மேல் மாட்டி, ஈயம் அறுந்து பறக்கும். வளையங்களை மாற்றிக் கட்டலாம். ஆனால் ஒரு முழு செட் நல்ல வளையமும் கட்டும் கூலியும் சேர்ந்து, பழைய ராடு வாங்கியதன் லாபத்தையே விழுங்கிவிடும். புதியவர் ஸ்பின்னிங் ரீலில் தொடங்குவதே நல்லது. அதனால் பெரிய முதல் வளையம் உள்ள ராடையே தேடுங்கள்.

ரீல் சீட், அதாவது ரீலைப் பூட்டும் இடம், எங்கே இருக்கிறது என்பதும் உங்கள் கையோடு ஒத்துப்போக வேண்டும். ராடின் அடிமுனையை அக்குளில் வைத்து, அதே பக்கக் கையைக் கழியோடு நீட்டுங்கள். உள்ளங்கை ரீல் சீட்டில் வந்து சேர வேண்டும். பெரும்பாலானோருக்கு இந்தத் தூரம் 65 முதல் 80 சென்டிமீட்டருக்குள் வரும். இதைவிட நீளமானால் வீசும்போது ரீலருகே பிடித்த கை முழுக்க நீண்டு, கடைசித் தள்ளலுக்கு வலு இருக்காது. குட்டையானால் நெம்பும் சக்தி போய்விடும். சில ராடுகளில் ஒட்டிய ரீல் சீட்டுக்குப் பதிலாக நகர்த்திக் கட்டும் இரண்டு கிளாம்புகள் இருக்கும். பார்க்க அழகில்லை என்று ஒதுக்காதீர்கள். வேண்டிய இடத்தில் ரீலை வைத்துக்கொள்ளலாம் என்பதால் புதியவருக்கு அது வரப்பிரசாதம்.

நேரில் போவதற்கு முன் கேட்க வேண்டியவை

முழுதாகப் பூட்டிய ராடின் படம் ஒன்று, எழுத்து தெரியும் படம் ஒன்று, ஒவ்வொரு ஜாயிண்டின் இரு முனைகளும் நெருக்கத்தில், நுனி வளையம் நெருக்கத்தில், ரீல் சீட் இரண்டு பக்கமும். இவ்வளவும் கேளுங்கள். வளையங்களைப் பளபளவென்று காட்டி, ஜாயிண்டை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தால் அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பிறகு மூன்று கேள்விகள்: நுனி எப்போதாவது உடைந்து வெட்டப்பட்டதா? எல்லாத் துண்டுகளும் ஒரே ராடுடையவையா? வழக்கமாக எத்தனை கிராம் வீசினார்கள்? மூன்றாவது கேள்விக்கு நீங்கள் வீச நினைப்பதைவிட 50 கிராம் அதிகமாகப் பதில் வந்தால், விறைப்பைப் பற்றி இருமுறை யோசியுங்கள்.

தபாலில் அனுப்பச் சொன்னால், துண்டுகளைத் துணியில் சுற்றிக் கெட்டியான பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, இரு முனையிலும் பஞ்சு அடைத்து அனுப்பச் சொல்லுங்கள். வெறும் அட்டையில் சுற்றி வந்த நீளமான ராடுகள் நுனி நசுங்கித்தான் வந்து சேரும்.

நேரில் போகும்போது எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை: வெள்ளைத் துணி, கொஞ்சம் தண்ணீர், பஞ்சுக்குச்சி, அளவு நாடா, சிறிய டார்ச், கொக்கித் தராசு, உங்கள் ரீல். ரீலில் 20 கிலோ தாங்கும் தடித்த நரம்பு பத்து மீட்டராவது இருக்கட்டும்.

ஜாயிண்ட்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

தூரம் வீசும் ராடுகள் முறிவது பெரும்பாலும் ஜாயிண்டில் அல்லது அதை ஒட்டி. ஜாயிண்ட் முழுக்க இறங்காமல் வீசினாலோ, வீச வீசத் தளர்ந்து மேலே ஏறினாலோ, மொத்தச் சுமையும் மேலே ஏறும் துண்டின் குழல் வாயில், அதன் மெல்லிய விளிம்பில் வந்து விழுகிறது. விளிம்பு நீளவாக்கில் பிளக்கிறது. பிளவு முதலில் மயிரிழைபோல இருக்கும். பத்துப் பதினைந்து முறை வீசிய பிறகு ஒரு நாள் சத்தத்தோடு விட்டுப்போகும்.

இரண்டு வகை ஜாயிண்ட் உண்டு. ஒன்றில், கீழ்த்துண்டுக்குள் ஒட்டிய ஒரு முளை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேல்துண்டு அதன்மேல் இறங்கும். ஸ்பிகாட் என்பார்கள். இதில் முழுக்கப் பூட்டிய பிறகும் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே அரை முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். புதியவர்கள் இதைக் குறை என்று நினைப்பதுண்டு. உண்மையில் இந்த இடைவெளிதான் முளை தேய்வதற்கு விட்ட இடம். இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டு நின்றால் முளை தேய்ந்து முடிந்துவிட்டது என்று பொருள். இனி அது இறுகாது. இன்னொரு வகையில், மேல்துண்டின் அடிப்பகுதி கீழ்த்துண்டின் மேலேயே நேரடியாக ஏறும். இதில் ஏறும் குழலின் வாய்தான் பலவீனமான இடம்.

முதலில் வாயைச் சுற்றிய நூல் சுற்றைப் பாருங்கள். அதன் மேலுள்ள எபாக்ஸிப் பசைப் பூச்சில் கழியின் நீளவாக்கில் கோடு ஓடினால், அடியில் கார்பனும் பிளந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுங்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகும் விரிசலுக்குள் ஈரம் தங்கி, கறுத்த கோடாகக் காட்டிக்கொடுக்கும். பிறகு வாயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாக அமுக்கி, காதருகே வைத்துக் கேளுங்கள். கொஞ்சம் சுழற்றி மறுபடி. நல்ல குழல் சத்தம் போடாது. நெரநெரவென்று சன்னமாக ஏதாவது கேட்டால் அந்த ராடைக் கீழே வைத்துவிடலாம்.

அடுத்து முளையின் மேற்பரப்பு. ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் கண்ணாடிபோல் பளபளத்து மறுபக்கம் தொடாமல் இருந்தால், பொருத்தம் கோணலாகிவிட்டது. வட்ட வட்டமான கீறல்கள் இருந்தால் மணலோடு பூட்டியிருக்கிறார்கள். லேசானவை பரவாயில்லை, நகம் மாட்டும் ஆழம் இருக்கக் கூடாது.

பூட்டிய பிறகு ஜாயிண்டைக் காதருகே பிடித்து நுனியை லேசாக ஆட்டுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் தளர்ச்சி இருக்கிறது. மெழுகு தடவினால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார். மெழுகு பிடிமானத்தைத்தான் கூட்டும், தேய்ந்ததை வளர்க்காது. தளர்ந்த முளையை ராடு கட்டுபவர் சரிசெய்ய முடியும். அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

கழியின் உடல்

துண்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடித்து மெல்ல உருட்டிப் பாருங்கள். நீளவாக்கில் உள்ள கீறல்கள் பெரும்பாலும் வார்னிஷோடு நின்றுவிடும். குறுக்குவாட்டில் ஓடும் கோடு, நட்சத்திரம்போல் தெறித்த புள்ளி, விரலுக்குத் தட்டையாகத் தட்டுப்படும் இடம், இவை மூன்றும் ஆபத்து. ஈயம் கழியில் மோதியோ, ஸ்டாண்டிலிருந்து சாய்ந்து பாறையில் விழுந்தோ கார்பன் அடிபட்டால், வெளியே சின்னப் புள்ளியும் உள்ளே அறுந்த இழைகளுமாக இருக்கும். சாதாரணமாக ஆட்டும்போது ஒன்றும் தெரியாது. முழு வேகத்தில் வீசும் அன்றுதான் வெடிக்கும். கண்ணாடி இழை ராடில் அடிபட்ட இடம் வெண்மையாக மாறிவிடும் என்பதால் கண்டுபிடிப்பது சுலபம். கார்பனில் அந்த உதவி இல்லை.

சந்தேகமான இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சுற்றியுள்ள பகுதியைவிட மெத்தென்று அமுங்கினால் அங்கே சுவர் உடைந்திருக்கிறது. நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்றும் உடைந்த இடத்தில் சொத்தென்றும் சத்தம் மாறும். ஜாயிண்டுக்கும் வளையக் காலுக்கும் பக்கத்தில் இயல்பாகவே சத்தம் மாறும், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை நுனியிலிருந்து 60 சென்டிமீட்டர், ஜாயிண்டின் இருபுறமும் ஒரு சாண், ரீல் சீட்டுக்கு உடனே மேலே, ஸ்டாண்டில் சாய்ந்து உராயும் இடம்.

கைப்பிடியில் ஷ்ரிங்க் டியூப் (சூட்டில் சுருங்கி ஒட்டும் பிளாஸ்டிக் உறை) போட்டிருந்தால் முழுக்கத் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் தடித்திருந்தால் உடைந்ததை ஒட்டிய பட்டி உள்ளே இருக்கலாம். நன்றாகச் செய்த ஒட்டு பல வருடம் தாங்கும் என்பது உண்மை. ஆனால் விற்பவர் அதைச் சொல்லாமல் மறைத்திருந்தால், வேறு எதையெல்லாம் சொல்லவில்லை என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இப்போது அளவு நாடா. பூட்டிய ராடின் நீளம், எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறதா? 5 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தால் நுனி உடைந்து வெட்டப்பட்டிருக்கலாம். கடைசி இரண்டு வளையங்களுக்கு நடுவே உள்ள தூரம் அதற்கு முந்தைய இடைவெளியைவிடச் சட்டென்று குறுகியிருந்தாலும், நுனி வளையத்தின் குழாய் தடித்துத் தெரிந்தாலும் அதே கதைதான். வெட்டிய நுனியால் தூரம் பெரிதாகக் குறையாது. நுனி விறைத்துப்போவதால் மீன் கடிப்பது தெரியாமல் போவதும், வீசும்போது மென்மையான இரை கொக்கியிலிருந்து பிய்த்துக்கொண்டு பறப்பதும்தான் தொல்லை.

இரண்டு பழைய ராடுகளின் மிச்சத்தைச் சேர்த்து ஒன்றாக விற்பதும் உண்டு. நூலின் நிறம், எபாக்ஸியின் மினுக்கம், வளையங்களின் வடிவம் மூன்றும் எல்லாத் துண்டிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

வளையங்களும் ரீல் சீட்டும்

பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். செராமிக் உள்வளையத்தில் விரிசல் இருந்தால் பஞ்சு இழை மாட்டி நிற்கும். அந்த விரிசல் கண்ணுக்கு எளிதில் தெரியாது, ஆனால் 150 கிராம் ஈயத்தை வீசும்போது லைனைக் கத்திபோல் அறுத்துவிடும். நுனி வளையமே அதிகம் அடிவாங்கும், அதை இருமுறை பாருங்கள். உள்வளையம் இல்லாத வெறும் எஃகு வளையத்தில் பிரெய்டு லைன் (இழைகளைப் பின்னிச் செய்த லைன்) ஓடியிருந்தால் வாய்க்கால்போல் பள்ளம் விழுந்திருக்கும்.

வளையத்தின் காலைப் பக்கவாட்டில் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் திரும்பக் கட்ட வேண்டும். எபாக்ஸியில் சன்னக் கோடு மட்டும் என்றால் பெரிய விஷயமில்லை. அடியிலிருந்து பழுப்புக் கறை கசிந்திருந்தால் உப்புநீர் உள்ளே போய்க் கால் துருப்பிடித்திருக்கிறது.

வளையம் ஒன்றிரண்டு போயிருப்பதை வைத்து நல்ல ராடை ஒதுக்காதீர்கள். நுனி வளையத்தை மாற்றுவது நாமே செய்யும் வேலை. பெரும்பாலும் சூடாக்கினால் இளகும் பசையில்தான் ஒட்டியிருப்பார்கள். உலோகக் குழாயை மட்டும் மெல்லச் சூடாக்கி நேராக இழுத்தால் கழன்றுவரும். தீ கார்பனைத் தொடக் கூடாது, முறுக்கியும் இழுக்கக் கூடாது.

ரீல் சீட்டில் உங்கள் ரீலையே பூட்டிப் பாருங்கள். மரையில் உப்பு இறுகியிருந்தால் வெந்நீரும் பழைய பல் துலக்கியும் போதும். மரை வழுக்கினால், அல்லது ரீலைப் பிடித்து முறுக்கும்போது சீட்டே கழியில் சுற்றினால் மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்குச் சில ராடுகளில் கைப்பிடியையே பிரிக்க வேண்டியிருக்கும்.

வளைத்துப் பார்ப்பது

இதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். ஆரம்பிக்கும் முன் விற்பவரிடம் சொல்லி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்யுங்கள். நுனியைக் கையில் பிடித்து வளைப்பது தவறு. அப்படி வளைத்தால் நல்ல ராடும் உடையும், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

1. துண்டுகளைக் கால் சுற்று விலக்கி வைத்து, தள்ளிக்கொண்டே திருப்பி வளையங்கள் நேர்கோட்டில் வரும்படி பூட்டுங்கள். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் எல்லா வளையமும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிய வேண்டும்.

2. ரீலைப் பூட்டி, நரம்பை எல்லா வளையத்திலும் கோத்து, நரம்பின் முனையைக் கொக்கித் தராசில் கட்டுங்கள். தராசின் மறுமுனை தூண், மரம் போன்ற அசையாத ஏதாவதில், இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். ஐந்தாறு மீட்டர் விலகி நில்லுங்கள். நரம்பின் நேர்க்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம். மூக்குக்கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

3. ரீலின் டிராகை (லைன் வெளியேறாமல் பிடிக்கும் பிரேக்கை) முழுக்க இறுக்கி, ராடின் அடிப்பகுதிக்கும் நரம்புக்கும் நடுவே 45 பாகை வரும்படி மெல்ல உயர்த்துங்கள். தராசு 1 கிலோ காட்டும்போது நின்று கவனியுங்கள், பிறகு 2 கிலோ. 60 பாகையைத் தாண்ட வேண்டாம். கை ரீல் சீட்டிலேயே இருக்கட்டும். ஜாயிண்டுக்குப் பக்கத்தில் பிடித்தால் சுமை முழுவதும் நுனித்துண்டில் விழுந்து முறியும்.

4. பத்து நொடி அப்படியே பிடியுங்கள். உதவிக்கு வந்தவர் பக்கவாட்டில் நின்று வளைவைப் பார்க்கட்டும். வளைவு ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். ஜாயிண்டில் கொஞ்சம் தட்டையாகத் தெரிவது இயல்பு. வேறெங்காவது முழங்கைபோல் மடங்கினால் அங்கே கழி செத்துவிட்டது.

5. மெதுவாகத் தளர்த்தி, வளையங்கள் இன்னும் நேர்கோட்டில் உள்ளனவா என்று பாருங்கள். திரும்பியிருந்தால் ஜாயிண்ட் பிடிக்கவில்லை.

கட்டியது கட்டியபடி இருக்கட்டும், விறைப்பையும் இப்போதே பார்த்துவிடலாம். தூணுக்கு முதுகைக் காட்டி, வீசும் நிலையில் நில்லுங்கள். நரம்பு பின்னால் இறுகியிருக்க, ரீலருகே பிடித்த கையால் முன்னே தள்ளி, அடிமுனையைப் பிடித்த கையை மார்பை நோக்கி இழுங்கள். உடம்பை முறுக்காமல், சாதாரண பலத்தில். கழியின் நடுப்பகுதி தாண்டி வளைவு இறங்கி வந்தால் உங்களால் அந்த ராடை ஆள முடியும். நுனி மட்டும் குனிந்து, நடுவும் அடியும் அசையாமல் நின்று, உங்கள் கால் வழுக்க ஆரம்பித்தால் அது வேறொருவருக்கான ராடு. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வளைத்துப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாதாட வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

எதற்கு விலை குறைப்பது, எதற்கு விட்டுவிடுவது

கார்பனில் விரிசல், பிளந்த குழல் வாய், பொருந்தாத துண்டு, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் பேச்சுக்கே இடமில்லை. இலவசமாகக் கொடுத்தாலும், உடையும்போது முகத்துக்கு நேராகத் தெறிக்கும் பொருள் அது. தளர்ந்த முளை, சுற்றும் ரீல் சீட், முழு வளையத் தொகுப்பு ஆகியவை சரிசெய்யக்கூடியவை. ஆனால் ராடு கட்டுபவரிடம் கூலி கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கிழிந்த ஷ்ரிங்க் டியூப், தொலைந்த அடிமூடி, மங்கிய வார்னிஷ், அழுக்கு எல்லாம் விலை பேச நல்ல காரணங்கள், வேறொன்றுமில்லை. வெளியே கோரமாகவும் ஜாயிண்டில் இறுக்கமாகவும் இருக்கும் ராடுதான் உண்மையில் வாங்க வேண்டியது.

வாங்கிய பிறகு முதல் சில நாட்கள்

நல்ல தண்ணீரில் கழுவி, துண்டுகளைப் பிரித்து நிழலில் காய வையுங்கள். முளையின் மேல் சாதாரண மெழுகுவர்த்தியை நாலு கோடு இழுத்து, துணியால் தேய்த்துப் பரப்புங்கள். எண்ணெயும் கிரீஸும் கூடாது. அவை வழுக்கும், மணலையும் பிடித்துவைக்கும்.

எந்த ஈயத்துக்கும் ஷாக் லீடர், அதாவது வீசும் அதிர்ச்சியைத் தாங்க லைனுக்கும் ஈயத்துக்கும் நடுவே கட்டும் தடித்த நரம்பு, கட்டாயம். ஒவ்வொரு 28 கிராமுக்கும் 4.5 கிலோ தாங்கும் நரம்பு என்பது வழக்கமான கணக்கு. 150 கிராம் ஈயம் என்றால் சுமார் 24 கிலோ. நீளம் ராடைப்போல் இரு மடங்கும், ஸ்பூலில் ஏழெட்டுச் சுற்றும் வர வேண்டும். லீடர் இல்லாமல் அறுந்த ஈயம் கடலில் விழும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, பின்னால் நிற்பவர் மேலும் விழலாம்.

முதல் நாள் ராடின் எல்லையில் பாதி எடை, பாதி பலம், தலைக்கு மேலாக நேர்வீச்சு மட்டும். இருபது முப்பது வீச்சு ஒழுங்காகப் போன பிறகு எடையைக் கூட்டுங்கள். ஈயத்தை ஊசலாட்டிச் சுழற்றி வீசும் பெண்டுலம் முறையைப் பழகாமல் தொடாதீர்கள். அதில்தான் கழிக்கு உச்சச் சுமை வருகிறது. ஐந்தாறு வீச்சுக்கு ஒருமுறை ஜாயிண்டைத் தொட்டுப் பார்த்து இறுக்குங்கள். மேலே மின்கம்பி இருக்கும் இடத்தில் ராடைப் பூட்டவே கூடாது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடி மின்னல் தொடங்கினால் ராடைக் கீழே கிடத்திவிட்டு விலகிவிடுங்கள்.

வீட்டுக்குப் போகும் முன் ராடைப் பிரித்துவிடுங்கள். உப்பு காய்ந்தால் ஜாயிண்ட் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டால் இடுக்கியும் வேண்டாம், வளையத்தைப் பிடித்து முறுக்கவும் வேண்டாம். கொஞ்சம் குனிந்து ராடை முழங்கால்களுக்குப் பின்னால் குறுக்காக வைத்து, ஜாயிண்டின் இருபுறமும் முழங்கால்களுக்கு வெளியே பிடித்து, கையை மடக்காமல் முழங்கால்களை வெளிப்பக்கம் விரியுங்கள். இழுப்பு நேர்கோட்டில் போவதால் கழி வளையாமல் கழன்றுவிடும். அப்படியும் வராவிட்டால் ஜாயிண்டை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சுற்றி ஓர் இரவு விட்டு, உப்பு கரைந்த பிறகு மறுபடி முயலுங்கள்.